பத்தி, அன்பு, தொழுகை: சிவஞானபோதத்து ஈற்றுச் சூத்திரங்களின் சொல்லாட்சி

பத்தி, அன்பு, காதல், நேயம், தொண்டு, அடிமை என்னுஞ் சொற்கள் சைவ நூல்களிற் பயில வழங்குவன. அவற்றையெல்லாம் ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு, ஒன்று நின்றவிடத்து மற்றொன்றை வைத்துப் பொருள் கூறுதல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. செய்யுளின்பம் ஒன்றே கருதிப் படிப்பார்க்கு இதனால் வரும் இழுக்குப் பெரிதன்று. சாத்திரம் பயில்வார்க்கோ அது சிறிதன்று. என்னையெனின், கூறுதும்.

சைவருள் ஒருசாரார், பத்தியாவது விதித்தவாறு செய்யும் பூசனையும் ஆலய வழிபாடுமே என்றும், அவை வழுவாது நிகழின் பத்தி முற்றிற்று என்றும் கருதுவர். மற்றொருசாரார், அன்பும் சிவமும் வேறல்லவென்று திருமூல நாயனார் அருளிச்செய்தாராதலின், அன்புடையார்க்கு ஆலயமும் திருவேடமும் வேண்டப்படா என்பர். இவ்விருவரும் தம்முள் மாறுபடுவார் போலத் தோன்றினும், பத்தியும் அன்பும் ஒரு பொருளையே குறிக்குமென்னுங் கோளில் உடன்பட்டவரே யாவர். முன்னையோர் பத்தி என்னுஞ் சொல்லின் பொருளை அன்பின்மேல் ஏற்றினர். பின்னையோர் அன்பு என்னுஞ் சொல்லின் பொருளைப் பத்தியின்மேல் ஏற்றினர். இரண்டு சொற்களையும் வேறு வைத்து நோக்கின், இவ்வழக்கிற் பெரும்பகுதி தானே தீரும். அங்ஙனம் நோக்குதற்குரிய இடம் சிவஞானபோதத்தின் ஈற்றிலுள்ள சூத்திரங்களே.

முதற்கண் பத்தி என்னுஞ் சொல்லின் வரலாறு அறியத்தக்கது. அது பக்தி என்னும் வடசொல்லின் திரிபு. அதன் முதனிலை 'பஜ்' என்பது. பகுத்தல், பங்குகொள்ளுதல், சார்தல், சேவித்தல் என்பன அம்முதனிலையின் பொருள்கள். பழைய வழக்கில் பக்தி என்பது பங்கு, கூறு என்னும் பொருளிலே பயின்றது. யாஸ்கர் தம் நிருக்தத்தில் இன்ன தேவர்க்கு இன்ன உலகம், இன்ன பருவம் உரிய எனப் பகுத்துக் காட்டுமிடத்து அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்வர். பாணினியார் காலத்தில் ஒருவன் ஒன்றனைச் சார்ந்து பற்றியிருத்தலாகிய பொருளும் அதற்கு உண்டாயிற்று. உருத்திரனைப் பரம்பொருளாக ஓதும் சுவேதாசுவதர உபநிடதம் தன் இறுதி மந்திரங்களுள் ஒன்றில், தேவனிடத்து மேலான பக்தியும் அவ்வாறே குருவினிடத்துப் பக்தியும் உடையானுக்கே அந்நூலிற் சொல்லப்பட்ட பொருள்கள் விளங்குமென்று கூறும். சாண்டில்ய சூத்திரம் பிற்காலத்து அச்சொல்லை ஈசுவரனிடத்துள்ள மேலான அநுராகம் என்று வரையறை செய்தது. எனவே, பங்கு என்பதிலிருந்து சார்தல், சார்தலிலிருந்து சேவித்தல், சேவித்தலிலிருந்து அநுராகம் எனப் பொருள் அகஞ் சென்றதாயினும், 'பஜ்' என்பதன் புறத்தொழிற் பொருள் அச்சொல்லை விட்டு முற்றும் நீங்கிற்றில்லை. பஜனம், பஜித்தல் என்னும் வழக்குக்களே இதற்குச் சான்று. (வரிசை என்னும் பொருள்பட வரும் பத்தி 'பங்க்தி' என்பதன் திரிபாகிய வேறொரு சொல். தமிழ் வரிவடிவில் இரண்டும் ஒன்றாய்விட்டமையால், இளமாணாக்கர் சிலர் அடியார் திருக்கூட்டத்து வரிசையையும் பத்தியையும் இயைத்து நயம் உரைத்தல் நகைக்கு இடமாம்.)

அன்பு என்னுந் தமிழ்ச்சொல் பிறந்த இடம் வேறு; வளர்ந்த இடம் வேறு. தொல்காப்பியனார் களவியலின் தொடக்கத்தில் ஐந்திணைக்கு அடைகொடுத்தோதுங்கால் அன்பையே எடுத்து மொழிந்தார். ஆலவாய் அவிர்சடைக் கடவுள் அருளியதென வழங்கும் இறையனார் களவியலோ அச்சொல்லையே நூன்முகத்தில் வைத்துத் தொடங்குகின்றது. கோயிலிலன்று, தலைவனுந் தலைவியும் எதிர்ப்பட்ட சோலையிலே முதலிற் பயின்ற சொல் அது. திருவள்ளுவர் இல்லறவியலுள் அதற்கோர் அதிகாரம் வகுத்தார். ஆண்டுப் பரிமேலழகர், வாழ்க்கைத் துணையும் புதல்வரும் முதலாகிய தொடர்புடையார்மாட்டுச் செல்லுங் காதல் அன்பு என்றும், தொடர்பு நோக்காது எல்லா உயிர்கண்மேலும் இயல்பாகச் செல்லுங் கருணை அருள் என்றும் வேறுபாடு தெரித்தார்.

இவ்வேறுபாடு சித்தாந்தத்திற்குப் பெரிதும் பயன்படுவது. இறைவனிடத்தினின்று உயிர்க்கு வருவதனை அருள் என்றும், உயிரினிடத்தினின்று இறைவன்பாற் செல்வதனை அன்பு என்றும் நம் ஆசிரியர்கள் ஆளுதல் பெரும்பான்மை. அன்பு தொடர்பு பற்றியதாயின், உயிர்க்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பு யாதெனின், அது அநாதியே உள்ள ஆண்டானடிமைத் தொடர்பு. இடையில் வந்ததன்றாகலின் அத்தொடர்பை விதித்து உண்டாக்க வேண்டுவதில்லை. மகவின்மேல் அன்புசெய்க எனத் தாய்க்கு விதிப்பார் எந்நாட்டிலும் இலர். இக்கருத்து மேல் 11-ஆஞ் சூத்திரத்திற்கு வேண்டப்படும்.

இனி அருளாளர் திருவாக்கிற் சொற்கள் நிற்கும் நிலையைச் சிறிது காண்போம். தேவார திருவாசகங்களில் பத்தியும் அன்பும் இரண்டும் வரும். ஆயினும் அவை கூடும் சொற்கள் பெரும்பாலும் வேறு. நாவுக்கரசர் தில்லைத் திருப்பதிகம் ஒன்றில், பத்தனாய் நின்று பாடவும் தமக்கு ஆற்றல் இல்லையென இரங்கி, எதனைக் கருவியாகக் கொண்டு பத்தி செய்வதென்று வினவுகின்றார். பத்தி அங்கே செய்யப்படுவதொன்று. அதற்குக் கருவியும் ஆற்றலும் வேண்டும். வாதவூரடிகள் அச்சோப்பதிகத்தின் தொடக்கத்தில், மூர்க்கரோடு முயன்று திரிந்த தமக்கு இறைவன் அறிவித்ததனைப் பத்திநெறி என்பர். நெறியாவது அறிவிக்கப்படுவது, நடக்கப்படுவது. திருவண்டப்பகுதியில் அவரே பத்தியை இறைவன் அகப்படும் வலையாக உருவகஞ் செய்வர். வலையும் ஒருவன் பின்னுவது, வீசுவது. ஆனால் திருக்கோத்தும்பியில் கண்ணப்ப நாயனாரை நினைந்து தம் குறைபாட்டை உரைக்கும்பொழுது, அடிகள் வாயில் வந்த சொல் பத்தி அன்று, அன்பு. கண்ணப்பர்க்கு நெறி அறிவித்தார் யாருமிலர். அவர் வலை பின்னவும் இல்லை. வேட்டுவ வலையையும் மறந்து நின்றவர் அவர்.

சம்பந்தப் பிள்ளையார் நமச்சிவாயத் திருப்பதிகத்தின் முதற்பாட்டில் காதலையும், கசிவையும், கண்ணீரையும் முறையே வைத்து, அவற்றின்பின் ஓதுதலை வைத்தமையும் நோக்கத்தக்கது. ஓதினாற் காதல் வருமென்று கூறாது, காதலாகியபின் ஓதுவாரைக் கூறினார். இம்முறை வைப்பை மனத்துட் கொள்க.

இவ்வேறுபாடு யாண்டும் பிறழாததோர் இலக்கணவிதி என்று கொள்ளுதல் பொருந்தாது. திருமந்திரத்து முதற்றந்திரத்தில் அன்புடைமையை அடுத்துள்ள பகுதி அன்பு செய்வாரைச் சிவன் அறிவன் என்னும் பொருளதாகத் தலைப்பெய்தி நிற்றலின், அன்பும் செய்தல் என்னும் வினையோடு கூடுதல் உண்டென்பது தெளிவு. அவ்விடத்து நூலாசிரியர் கருத்து அறிபவனாகிய சிவன்மேல் நிற்கின்றதேயன்றி, அன்பு செய்யும் முறையை விதித்தலில் நிற்கவில்லை என்று அமைதி கூறலாம். ஓரிரண்டு இடங்களைக் கொண்டு சொற்பொருளை இறுகக் கட்டுவோர், பிறர் வேறு ஓரிரண்டு இடங்களைக் காட்டியவழி இடர்ப்படுவர். வழக்கின் சாய்வு எந்தப் பக்கத்ததென்று மட்டும் கொள்ளுதல் அமையும்.

இனிச் சிவஞானபோதத்திற்கு வருவோம். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவர் 13-ஆம் நூற்றாண்டில் அருளிய இந்நூல் 12 சூத்திரங்களும் 40 அடிகளும் உடையது. இவற்றோடு பொருளால் ஒத்த 12 வடமொழிச் சூத்திரங்கள் இரௌரவாகமத்தின்கண்ண என்பது மரபு. மெய்கண்டார் அவற்றை மொழிபெயர்த்தருளினார் என்பது 1785-இல் இறைவனடி சேர்ந்த சிவஞான முனிவர் கொள்கை. தமிழே முதனூலென 20-ஆம் நூற்றாண்டில் அறிஞர் பலர் வாதித்தனர். ஈண்டைய ஆராய்ச்சி அவ்வழக்கிற் சாராது. எது முன்னதாயினும், ஒரே பொருளை இரண்டு மொழிகள் எச்சொற்களாற் கூறுகின்றன என்பதே வினா.

11-ஆஞ் சூத்திரம் இரண்டு மொழியிலும் கண்ணை உவமையாக எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பொருளைக் காட்டுவது ஆன்மா. அவ்வான்மாவுக்குக் காட்டுபவன் சிவன். ஆதலின், தனக்கு உபகாரஞ் செய்யும் அவனிடத்து ஆன்மா பரபக்தியைச் செய்க என்று வடமொழி முடியும். அங்குள்ள வினை 'குர்யாத்' என்பது. அது விதிப்பொருள் தரும் வினை. தமிழ்ச் சூத்திரமோ, அரன் திருவடியில் உயிர் அன்பினாற் செல்லும் என்று முடியும். இது 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று. இயல்பாக நிகழ்வதனைக் கூறுவது. ஓரிடத்தில், இது செய்யத்தக்கது என்னும் விதி. மற்றோரிடத்தில், இஃது இவ்வாறு நிகழும் என்னும் உண்மைக் கூற்று. அன்றியும், வடமொழியில் பக்தி செயப்படுபொருளாய் நிற்கின்றது. தமிழிலோ அன்பு கருவியாய் நிற்க, செல்லுதல் வினையாயிற்று. செய்யப்படும் பொருளாக நின்றது, செல்லுதற்கு உதவும் துணையாக மாறியது.

சூத்திர யாப்பு ஏகாரத்தான் முடிதல் வழக்காதலின் இம்முற்றினைக் கொண்டு இத்துணைப் பொருள் காணுதல் மிகையென்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். தடை சிறந்ததே. அதற்கு விடை 9-ஆஞ் சூத்திரத்தில் உள்ளது. ஆண்டு வடமொழி பஞ்சாக்கரத்தைத் தியானிக்க என்னும் பொருள்பட 'த்யாயேத்' என்று விதிவினையாற் கூறும். தமிழும் அவ்விடத்தில் 'எண்ணும்' எனச் செய்யும் என் முற்றையே வைத்தது. ஆயினும் அதனொடு 'விதி' என்னுஞ் சொல்லை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. அஞ்செழுத்து விதிப்படி எண்ணப்படுவதாகலின் அங்கே விதியென்னுஞ் சொல் வேண்டப்பட்டது. அதே ஆசிரியர், இரண்டு சூத்திரங் கழித்து அன்பைக் கூறுமிடத்து அச்சொல்லைச் சேர்த்திலர். 40 அடிகளில் ஒரு சொல்லும் வீண்படாது இயற்றிய ஆசிரியர் ஓரிடத்து விதியைச் சொல்லி மற்றோரிடத்துச் சொல்லாது விட்டது யாப்பின் வழக்கென்று கழிக்கத்தக்கதன்று.

அடைமொழியும் நோக்கற்பாலது. வடமொழி பக்திக்கு 'பரா' என்று அடைகொடுத்தது. மேலானது என்பது பொருள். மேற்காட்டிய சுவேதாசுவதர மந்திரத்திலும் இவ்வடையே உளது. தமிழ் அன்புக்கு 'அயரா' என்று அடைகொடுத்தது. அயர்தல் என்பது பல பொருளொரு சொல். சோர்தலும் மறத்தலும் அதன் பொருள். வெறியயர்தல், விழவயர்தல் எனச் செய்தற் பொருளும் பழைய வழக்கில் உண்டு. இவ்விடத்து மறவாமைப் பொருளே உரைமரபிற் கொள்ளப்படும், அதுவே பொருந்துவதுமாகும். பரபக்தி என்றவழி, கீழ்ப்பட்ட பக்தியும் உண்டு, அதனினும் இது மேற்பட்டதென்னும் அளவு நோக்கு வரும். மறவாத அன்பு என்றவழி அவ்வளவு நோக்கு இல்லை. உயிர்க்கு மலமறைப்பினால் வந்த குற்றம் அன்பு சிறிதாதல் அன்று. காட்டுவோன் ஒருவன் உளன் என்பதை மறத்தலே. கண் காணும்போதெல்லாம் ஆன்மா உடன் நின்று காட்டுவதனைக் கண் அறியமாட்டாது. அதுபோல, உயிர் அறியும்போதெல்லாம் சிவன் உடன் நின்று அறிவிப்பதனை உயிர் மறந்து, யானே அறிந்தேன் என்னும். அம்மறப்பு நீங்கியவிடத்து அன்பு புதிதாக வருவிக்கப்பட வேண்டியதில்லை. வடமொழி காட்டுதலை மட்டும் கூற, தமிழ் 'கண்டு' என்னும் ஒரு சொல்லை முன்வைத்துக் கண்டு காட்டுதலைக் கூறியதும் இதற்கு அரண். இறைவன் உயிர்க்குக் காட்டுவதோடு நில்லாது, உயிர் காண்பதனை உடன்நின்று காண்பவனும் ஆவன். அத்துணை அணிமையில் நிற்பவனிடத்துச் செல்லுவதற்கு அன்பு என்னும் தொடர்புச் சொல்லே தகுதி. முன்னர்ப் பரிமேலழகர் வகுத்த தொடர்பு ஈண்டு நினைக்க.

இக்காலத்துச் சமயப் பற்றினை 'நம்பிக்கை' என்னுஞ் சொல்லாற் குறித்தல் மிகுதி. இச்சூத்திரத்தோடு அவ்வழக்கை ஒப்புநோக்கின் அதன் குறைபாடு விளங்கும். காணாத பொருளை உண்டென ஏற்றல் நம்பிக்கையெனக் கொள்ளப்படுகின்றது. சூத்திரமோ, காண்பன யாவற்றையும் ஒவ்வொரு கணமும் காட்டி நிற்பவனைப் பற்றியது. இன்னும் ஒன்று. நம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் கூறும் பொருள் நசை, அதாவது விருப்பம். சிவபெருமானுக்கு நம்பன் என்னுந் திருப்பெயரை விரும்பப்படுவோன் எனப் பொருள்கொள்ளுதல் இதுபற்றியே. பழைய நம்புதல் அன்பின் பக்கத்தது. இன்றைய நம்பிக்கை துணிபின் பக்கத்தது. பழைய பாடல்களில் அச்சொல் வருமிடத்து இன்றைய பொருளை ஏற்றி உரைப்போர் இதனை ஓர்தல் வேண்டும்.

இனி 12-ஆஞ் சூத்திரம். இங்கேதான் இரு மொழிகளின் சொல்லாட்சி மிகத் தெளிவாகப் பிரிகின்றது. முத்தியின் பொருட்டுச் சத்துக்களை அடைந்து, அவர் வேடத்தையும் சிவாலயத்தையும் பஜிக்க என்பது வடமொழியின் கருத்து. வினை 'பஜேத்'. முன்னைச் சூத்திரத்தில் பக்தி எனப் பெயராய் நின்ற அதே முதனிலை, இங்கே விதிவினையாய் மீண்டும் வந்தது. எனவே வடமொழியில் இரண்டு சூத்திரமும் ஒரு வேரிற் கிளைத்தன. உள்ளே செய்வதும் பஜித்தலே. வெளியே செய்வதும் பஜித்தலே. தமிழில், 11-ஆவதில் அன்பு எனப்பட்டது 12-ஆவதில் தொழுதல் எனப்பட்டது. வேர் வேறு, சொல் வேறு. வடமொழியில் ஒரு வேர் பிடித்திருந்த அகத்தையும் புறத்தையும் தமிழ் இரண்டு சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றற்கும் ஒரு சூத்திரத்தை உரிமையாக்கியது.

பிரித்தபின் இரண்டினையும் தொடர்பற விட்டுவிடவுமில்லை. அன்பு நிகழ்ந்தபின் தொழுதல் கூறப்பட்டது. இதுவே முதற்கட் கூறிய இருசாரார்க்கும் விடை. தொழுதலே பத்தியின் முடிபென்பார்க்கு, 12-ஆஞ் சூத்திரம் 11-ஆவதற்குப் பின் நிற்கின்றதென்பதும், தொழுவார் இன்னாரென்பது முன்னரே வரையறுக்கப்பட்டதென்பதும் விடையாம். அன்புடையார்க்குத் தொழுகை வேண்டாவென்பார்க்கு, அன்பினால் திருவடி சென்றாரையே அடுத்த சூத்திரம் தொழுவாராகக் கூறுகின்றதென்பது விடையாம். தொழுகை கீழ்நிலையார்க்கென்றும் அன்பு மேனிலையார்க்கென்றும் பகுத்தல் நூன்முறையோடு முரணும். உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தில் இறுதியாக வைத்த பொருள் அணைந்தோர் தன்மை. அணையாதார் செய்யும் முயற்சி அவ்விடத்துப் பொருளன்று.

அணைந்தார் தொழவேண்டுவது என்னை? தமிழ்ச் சூத்திரமே தன் தொடக்கத்திற் காரணங் கூறும். திருவடியைச் சேரவொட்டாத மலத்தைக் கழுவுதலை அது முதலில் வைத்தது. வடமொழியில் 'முத்தியின் பொருட்டு' என ஒரு சொல்லளவில் நின்றது, தமிழில் இவ்வாறு விரிந்தது. உடம்போடு நிற்குங்காறும் வாசனையாய் மலம் வந்து தாக்குதல் உண்டு. அதன் தாக்குதலாவது மறப்பே. மறவாத அன்பு எனப்பட்டது மறவாதிருத்தற்குத் துணையாவன அடியார் கூட்டமும் திருவேடமும் ஆலயமும். ஆகவே முன்னைச் சூத்திரத்து அடைமொழியைக் காப்பது பின்னைச் சூத்திரத்து வினை. வடமொழி ஒரு வேரினால் இணைத்ததனைத் தமிழ் காரணத்தினால் இணைத்தது.

இச்சூத்திரத்துள் வரும் நேயம் என்னுஞ் சொல்லும் ஒரு குறிப்பு வேண்டுவது. நகர ஞகரங்கள் தமிழில் மயங்குமாகலின் (நண்டு ஞண்டு எனவும், நமன் ஞமன் எனவும் வருதல் காண்க), அறியப்படும் பொருளைக் குறிக்கும் ஞேயம் என்பதனோடு இதனை மயக்குதற்கு இடமுண்டு. ஞாதுரு, ஞானம், ஞேயம் என்னும் முப்புடி சித்தாந்தத்திற் பயில்வதாகலின் அம்மயக்கம் எளிதில் நேரும். இவ்விடத்து அது பொருந்தாது. மயக்கம் நீங்க நேயம் மிக்கவர் என்று மிகுதி கூறப்படுகின்றது. அறியப்படும் பொருளாகிய சிவம் ஒருவரிடத்து மிகுதலும் குறைதலும் இல்லை, மிகத்தக்கது அன்பே. நேயம் 'ஸ்நேஹ' என்னும் வடசொல்லினின்று வந்தது. அச்சொல்லுக்கு எண்ணெய்ப் பசை என்னும் பொருளும் உண்டு. பற்றிக்கொண்டு எளிதில் விடாமை அதன் குறிப்பு. பக்தியென்னும் வடசொல்லை இரண்டு சூத்திரத்திலும் ஒழித்த ஆசிரியர், நேயம் என்னும் வடசொற்றிரிபை மேற்கொண்டாராகலின், வடசொல்லென்பதற்காக ஒன்றனை ஒழித்தாரல்லர் என்பதும் இதனாற் பெறப்படும். பொருளுக்குத் தகும் சொல்லையே அவர் தேர்ந்தார்.

மேற்கூறியவற்றைச் சோதித்துப் பார்த்தற்குக் கண்ணப்ப நாயனார் வரலாற்றினும் சிறந்தது வேறில்லை. சடங்கினை இகழ்வார் யாவரும் முதலில் எடுத்துக்காட்டுவது அவரையே. காளத்தி மலையில் ஆகம விதி வழுவாது பூசித்தவர் சிவகோசரியார். விதியொன்றும் அறியாது ஊன் படைத்தவர் திண்ணனார். பத்தி விதிக்கப்படுவதேயாயின் திண்ணனார் செயல் குற்றமாம். இறைவன் அதனைக் குற்றமாகக் கொள்ளாமையே அன்பு விதிக்கு உட்பட்டதன்று என்பதற்குச் சான்று. இதுவரை அவர் கூறுவது பொருத்தமே. இதன்மேல், எனவே தொழுகை வேண்டாவென்று அவர் முடிப்பதுதான் வரலாற்றோடு பொருந்தாதது. திண்ணனார் வாளாவிருந்து அன்பு செய்தாரல்லர். வாயில் நீரும், குடுமியில் மலரும், கையில் ஊனும் கொண்டு மலையேறினார். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றார். அபிடேகமும், அருச்சனையும், நிவேதனமும் ஆகிய யாவும் அங்கே நிகழ்ந்தன. விதி அறியாத தொழுகையேயன்றித் தொழுகை இல்லாத அன்பன்று அது.

சேக்கிழார் பெருமான் இதனை எத்துணை நுட்பமாக வைத்தார் என்பது, சிவகோசரியார் கனவில் இறைவன் கூறுவதாக அமைத்த பகுதியிற் காணப்படும். ஆண்டு அவர் திண்ணனாருடைய வடிவு, அறிவு, செயல் என மூன்றனையும் வேறு வேறு எடுத்து, வடிவு முழுதும் தன்பால் வைத்த அன்பென்றும், அறிவு முழுதும் தன்னை அறிதலென்றும், செயல் முழுதும் தனக்கு இனியதென்றும் இறைவன் வாயிற் கேட்பிக்கின்றார். அன்பு, அறிவு, செயல் மூன்றும் அங்கே ஒருங்கு நிற்கின்றன, செயல் விலக்கப்படவில்லை. சிவகோசரியாரும் இகழப்பட்டாரல்லர். அவர்க்கன்றோ அக்காட்சியைக் காணுமாறு இறைவன் அருளினான்! 11-ஆஞ் சூத்திரம் எடுத்த உவமை கண். ஆறாம் நாளில் திண்ணனார் இடந்து அப்பியதும் கண். பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டினதாகலின் மெய்கண்டார் அதனை நினைந்தே உவமை கொண்டாரென்று துணிதற்குச் சான்றில்லை. ஆயினும் தனக்குக் காட்டியவனுக்கே தன் காட்சியை ஈந்த அச்செயலை உள்ளத்திற்கொண்டு சூத்திரத்தைப் படிப்பார்க்குப் பொருள் எளிதில் விளங்கும்.

தொண்டு, அடிமை என்னுஞ் சொற்களைப் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. அவை தனித்த ஆராய்ச்சிக்கு உரியன. அடிமை, அடியார் என்பன அடி என்னுஞ் சொல்லினின்று வந்தமையும், 11-ஆஞ் சூத்திரத்து உயிர் சென்று சேரும் இடமும் அத்திருவடியே யாதலும் ஒன்றோடொன்று இயைவன. ஆரூரரை ஓலை காட்டி இறைவன் அடிமையென வழக்கிட்டு வென்ற ஊரும், மெய்கண்டார் இந்நூலை அருளிய ஊரும் திருவெண்ணெய்நல்லூரே என்பதனைச் சைவர் பலர் அறிவர். அடிமை அங்கே எழுத்தில் இருந்தது; ஆரூரர் அதனை மறந்திருந்தார். ஓலை புதிதாக அடிமையை உண்டாக்கவில்லை, மறந்ததனை நினைப்பித்தது.

அவ்வாரூரர் பின்னர்த் திருத்தொண்டத்தொகையில் தொகையடியார் ஒன்பதின்மரைக் கூறுங்கால், ஒரு தொகையினரைப் பத்தர் என்றொழியாது, பத்தராய்ப் பணிவார் எனப் பணிதலோடு சேர்த்தே ஓதினார். பத்தி என்னுஞ் சொல் தன்னளவில் நிற்கவிடாது புறத்தொழிலோடு அதனைப் பிணித்தமை காண்க. வடசொல்லின் முதனிலையில் உறைந்துகிடந்த சேவித்தற் பொருளைத் தமிழ்ச்சொல் ஒன்றால் அவர் வெளிப்படுத்தினார் என்னலாம்.

12-ஆஞ் சூத்திரத்தில் இன்னும் ஒரு சொல் உளது. சேரத்தக்காரை வடமொழி 'சத்துக்கள்' என்று கூறும். நல்லோர், மெய்யுணர்ந்தோர் என்பது கருத்து. அவ்விடத்தில் மெய்கண்டார் நல்லோர் என்றாவது, அறிவர் என்றாவது, தமிழில் வழங்கிய பத்தர் என்றாவது கூறலாம். அவர் இட்ட பெயர் அன்பர். முன்னைச் சூத்திரத்தில் உயிர் திருவடி செல்லுதற்குத் துணையாய் நின்ற அன்பே, இச்சூத்திரத்தில் கூடி மருவத்தக்கார்க்குப் பெயராயிற்று. சிவஞானபோதத்தை ஓதுவிப்போர் இவ்விடத்தில் 'அன்பர் என்றது அடியாரை' எனச் சொல்லி விரைந்து கடப்பது வழக்கம். அதற்கு முந்திய சூத்திரத்தை ஒருமுறை மீளப் படிப்பித்து, அதன்பின் இச்சொல்லைக் காட்டின், மாணாக்கர்க்கு இரண்டு சூத்திரமும் ஒன்றாய்த் தோன்றும்.